திட்டமே இல்லாமல் ஆரோவில்லில் தனியாகத் தங்கலாமா? என் அனுபவம், உங்கள் கருத்து

கோடம்பாக்கம்_குயில் எழுதியது:

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில், பல நாட்டு மக்கள் ஒன்றாக வாழ்வதற்கென்று உருவான ஆரோவில்லைப் பற்றித் தமிழில் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைப் பதிவுதான் கண்ணில் படுகிறது. ஒன்று, "காலையில் தங்க உருண்டை பார்த்தோம், மதியம் பாண்டியில் மீன் சாப்பாடு, சாயங்காலம் பீச்" வகை. இன்னொன்று ஒரேயடியாக உருகி வழிவது. அங்கே போய்ச் சில நாள் படுத்து எழுந்து, மண்வெட்டி பிடித்து, சலித்துப்போய், அப்புறம் கொஞ்சம் பிடித்துப்போய்த் திரும்பியவர்கள் எழுதியது குறைவு. அதற்காகத்தான் இந்த இழை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆசிரமம் தேடிப் போகிற ரகம் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதோடு சரி. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இடைவெளி கிடைத்தது. தோழிகள் யாருக்கும் லீவு இல்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். வழியாகப் போகும் பாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெரியமுதலியார்சாவடியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அறை எதுவும் பதிவு செய்யவில்லை.

போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆரோவில்லுக்கு வாசல் கிடையாது. மதில் இல்லை, வளைவு இல்லை, "வாருங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. குயிலாப்பாளையம் கடைத்தெரு ஓடிக்கொண்டே இருக்கும், அப்புறம் சாலை செம்மண்ணாகும், இரண்டு பக்கமும் காடு அடரும், மரத்தடியில் சின்னப் பலகைகள் தெரியும்: ஆஸ்பிரேஷன், சர்டிட்யூட், சமஸ்தி. ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. இப்படி நூற்றுக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. இடையிடையே கிராமத்தாரின் வயலும் தோப்பும் வரும். எங்கே ஆரோவில் முடிகிறது, எங்கே எடையஞ்சாவடி தொடங்குகிறது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டோக்காரர் மட்டும் சரியாகச் சொன்னார்.

கேட்ட முதல் சில விருந்தினர் இல்லங்களில் இடமில்லை. ஓர் இடத்தில் "ஒரு வாரத்துக்குக் குறைவாக என்றால் தருவதில்லை" என்றார்கள். கடைசியில் ஒரு மூங்கில் குடிசை கிடைத்தது. பொதுக் குளியலறை, கொசுவலை, ராத்திரி முழுக்கத் தவளைச் சத்தம். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.

அடுத்தது, இங்கே மணி அடிக்காது. ஆசிரமங்களில் காலை நாலரைக்கு எழுப்பி, தியானம், கஞ்சி, சேவை என்று நாளை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அதில் ஒரு நிம்மதி உண்டு. ஆரோவில்லில் குரு இல்லை, உபதேசம் இல்லை, கால அட்டவணை இல்லை. அரவிந்தரின் வழியில் இந்த ஊரைத் தொடங்கிய ஸ்ரீ அன்னை 1973இல் மறைந்தபின் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அவர் எழுதிய சாசனத்தில் நாலே அம்சம்தான். இந்த ஊர் குறிப்பிட்ட யாருக்கும் சொந்தமல்ல, மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்று தொடங்கும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு ஒரு குடிசை வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்கு இன்றைக்கு என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. முதல் நாள் எல்லாம் சும்மா சைக்கிளில் சுற்றினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் மொபெட்டில் எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் முறைக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. பிறகுதான் புரிந்தது. வருஷம் பூராவும் ஆட்கள் வந்து வந்து போகும் ஊர் அது. ஒவ்வொருவரிடமும் மனசைக் கொடுத்தால் அவர்களுக்குத் தாங்காது.

மாத்ரிமந்திர், அதாவது அந்தத் தங்க உருண்டைத் தியான மண்டபம் பற்றிச் சொல்லாமல் விட்டால் விடமாட்டீர்கள். சும்மா வெளியிலிருந்து பார்க்க, பார்வையாளர் மையத்தில் ஒரு சிறு காணொளி காட்டி இலவசச் சீட்டு தருகிறார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் மரநிழலில் நடந்தால் பார்வைத் திடல். உள்ளே போய் உட்கார முன்பதிவு வேண்டும், கேட்ட நாளில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். போன், பை எல்லாம் வெளியே. வெள்ளைக் காலுறை கொடுப்பார்கள். சுழன்று ஏறும் சரிவுப் பாதையில் ஏறினால் வெள்ளைப் பளிங்குச் சுவர், பன்னிரண்டு தூண்கள், நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள படிகக் கோளம், அதன்மேல் கூரையிலிருந்து கண்ணாடிகளால் திருப்பிவிடப்பட்ட ஒற்றைச் சூரியக்கீற்று. சிலை, படம், ஊதுபத்தி, பூ எதுவும் இல்லை. எனக்குப் பரவசம் எதுவும் வரவில்லை. அந்த அமைதியில் யாரோ ஒருவர் வயிறு கடமுடவென்றது பக்கத்து வரிசைக்கே கேட்டது. சிரிப்பை அடக்கியதில்தான் என் தியானம் போனது. ஆனால் வெளியே வந்த பிறகு ரொம்ப நேரம் போனை வாங்கத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் நான் அங்கே ஒட்டிக்கொண்டது ஒரு பண்ணையில். காலை வேளையில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்ளும் பண்ணைகள் சில இருக்கின்றன. விடிந்ததும் போய் நின்றால் வேலை கொடுப்பார்கள். களை பிடுங்கினேன், பாத்திக்குச் சருகு மூடாக்குப் போட்டேன். கையில் கொப்புளம். எங்களுக்கு வேலை காட்டியவர் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர். என் கூட ஒரு கொரியப் பெண்ணும் ஒரு ஜெர்மன் பையனும். அக்கா அவர்களிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து அதட்டுவார், அவர்களும் "சரிக்கா சரிக்கா" என்பார்கள். மூன்றாவது காலையில் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நீ துட்டு குடுத்துத் தங்கி, துட்டு வாங்காம வேலை செய்யிற. நான் துட்டு வாங்கிட்டு அதே வேலையச் செய்யிறேன். இதுல யாருக்கு என்ன கெடைக்குது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்கினேன். இப்படிப்பட்ட இடங்களில் தங்கியவர்கள் சொல்லுங்கள். நீங்கள் எதற்காகப் போனீர்கள், கிடைத்ததா?

திண்ணைப்பேச்சு எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. 50,000 பேர் வாழப்போகும் நகரம் என்று 1968இல் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். உள்ளே பணம் புழங்காது என்றார்கள், இப்போது அதற்கென்று ஒரு கார்டு, கஃபேயில் காப்பி விலை பாண்டியை விட ஜாஸ்தி. வெயில் பிடித்த வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல ரிசார்ட். அதற்குமேல் ஆன்மிகம் கீன்மிகம் எதுவும் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

வேர்ப்பலா எழுதியது:

@திண்ணைப்பேச்சு, ரிசார்ட் கட்டுகிறவர்கள் காடு இருக்கும் இடத்தில் போய்க் கட்டுவார்கள். இவர்கள் காடே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்த மேட்டு நிலத்தின் 1968ஆம் வருடப் படங்களைப் பாருங்கள். ஆலமரம் ஒன்று, அங்கங்கே பனை, கொஞ்சம் முந்திரி, மிச்சமெல்லாம் வெட்ட வெளி. அந்த வருடம் பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் பிடிமண்ணைத் தாழியில் போட்டுத் தொடக்க விழா நடத்தியது இந்தப் பொட்டலில்தான். மழை பெய்தால் மேல்மண் செம்மண் ஓடைகளாக அறுத்துக்கொண்டு நேரே வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும். வந்தவர்கள் முதலில் மரம் நடவில்லை, வரப்புப் போட்டார்கள். தண்ணீர் நின்றால்தான் மரம் நிற்கும் என்பது அவர்களுக்கு அடிபட்டுப் புரிந்தது. அப்புறம் சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை முன்னோடியாக நட்டு நிழலும் சருகும் உண்டாக்கி, அதன் அடியில் நம்ம ஊர்க் கடற்கரைக் காட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். கருங்காலி, காயா, பாலை மாதிரி மெதுவாக வளர்கிறவை. இந்த வகை உலர் பசுமைமாறாக் காடு சோழமண்டலக் கரையில் கோயில் காடுகளில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. விதைக்காக அந்தச் சாமிக் காடுகளைத்தான் தேடிப் போனார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அகேசியாக்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. நம்ம ஊர் மரங்கள் அந்த அளவுக்குச் சேதமில்லை. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை என் தோட்டத்திலும் செய்கிறேன். சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தைத் தொல்காப்பியப் பூங்காவாக மீட்ட வேலையில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு. கோடம்பாக்கம் குயிலுக்குப் பக்கம்தானே, போய்ப் பாருங்கள்.

ஆன்மிகம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மண்ணைக் கடலுக்குப் போகாமல் நிறுத்துவது எனக்குப் போதும்.

வானூர்க்காரன் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள். ஊர் பெயர் வேண்டாம், வானூர் தாலுக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா பல வருஷமாக அங்கே ஒரு சமையற்கூடத்தில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. காய்கறிப் பெயரெல்லாம் பிரெஞ்சில் சொல்வார், "கரோத்" வாங்கிட்டு வாடா என்றுதான் என்னைக் கடைக்கு அனுப்புவார்.

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். வேர்ப்பலா அண்ணே, வரப்புப் போட்டார்கள், மரம் நட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். குழி வெட்டினது யார், குடம் சுமந்து தண்ணி ஊத்தினது யார்? எங்க தாத்தா பாட்டி தலைமுறை. கூலிக்குத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வரலாற்றுப் பலகையிலும் அவர்கள் "உள்ளூர் உழைப்பாளிகள்" என்று ஒரே சொல்லில் போய்விடுகிறார்கள்.

திண்ணைப்பேச்சு அண்ணே, வெளிநாட்டுக்காரர்களின் ஊர் என்பதும் பழைய கதை. இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களில் எந்த நாட்டாரையும் விட அதிகம் இந்தியர்கள். அதில் எங்க சுற்றுவட்டாரத் தமிழர்கள் நிறைய. அதற்கு அடுத்ததுதான் பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம். என் கூடப் படித்தவன் ஒருவன் இப்போது ஆரோவில்வாசி. குடியிருக்காமல் தினமும் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் தனியாக ஆயிரக்கணக்கில். ஊதுபத்தி, பேக்கரி, தையல், தோட்டம், கட்டட வேலை. அவர்கள் வராத நாளில் அந்த ஊர் நடக்காது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக 'உதவி', 'இசை அம்பலம்' மாதிரிப் பள்ளிகளும் நடத்துகிறார்கள், அங்கே படித்தவர்கள் எங்க தெருவிலேயே இருக்கிறார்கள். கெட்டதும் உண்டு. நிலம் விலை ஏறி எங்களால் எங்க ஊரிலேயே ஒரு மனை வாங்க முடியாது. சனி ஞாயிறு வந்தால் பைக்கில் வரும் கூட்டத்தில் குறுக்கே ரோடு தாண்ட முடியாது.

எங்க பக்கத்து இரும்பை கிராமத்துக் கோயில் கதை யாருக்காவது தெரியுமா? மாகாளேஸ்வரர் கோயில். கடுவெளிச் சித்தர் அங்கே தவம் இருந்தாராம். திருவிழாவில் ஆடிய பெண்ணின் சலங்கை கழன்று விழ, சித்தர் எடுத்து மாட்டிவிட்டார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. அவர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்தது, இந்த நிலம் பாலையாகப் போனது. இன்றைக்கும் வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். தூர தேசத்து ஜனங்கள் வந்து மறுபடி பச்சையாக்குவார்கள் என்பது கதையின் கடைசிப் பகுதி. ஆரோவில்காரர்கள் இதை ரொம்ப ஆசையாகச் சொல்வார்கள். என் பாட்டி சொன்ன கதையில் அந்தக் கடைசிப் பகுதி கிடையாது. எப்போது ஒட்டிக்கொண்டதோ!

மலைசுற்றி எழுதியது:

குயில் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் வருஷா வருஷம் திருவண்ணாமலை போகிறவன். ரமணாசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும், சில நாளுக்குத்தான் தருவார்கள், கட்டணம் என்று கேட்பதில்லை. தரையில் இலை போட்டு வரிசையாகச் சாப்பாடு. மற்ற நேரம் நம்மை யாரும் எதுவும் செய்யச் சொல்வதில்லை. ஆக மணி அடிப்பதுதான் ஆசிரமம் என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கு அங்கேயே கொஞ்சம் இடிக்கிறது. ஆனால் அங்கே ஒரு மலை இருக்கிறது, ஒரு சமாதி இருக்கிறது, எதற்கு வந்தோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆரோவில் எனக்குப் பிடிபடாதது இதனால்தான். அரவிந்தர் யோகம் என்றால் பாண்டிச்சேரி ஆசிரமம் இருக்கிறதே, பூப்போட்ட சமாதி அருகில் அரை மணி உட்கார்ந்தால் போதுமே. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரமே எதற்கு?

கோடம்பாக்கம்_குயில் எழுதியது:

@மலைசுற்றி ஐயா, இதே கேள்வியை அங்கே குடியிருக்கும் ஒரு வயதானவரிடம் கேட்டேன். தமிழர்தான், அந்தக் காலத்திலேயே வந்தவர். "ஆசிரமம் யோகம் பண்ணுறவங்களுக்கு. இங்க யோகம் பண்ணாத விஷயத்தையெல்லாம் யோகமாக்கணும், சாக்கடை அடைச்சா அதுவும்" என்றார். அவர் வீட்டுச் சாக்கடை அன்றைக்கு அடைத்திருந்தது.

ஆசிரமமும் ஆரோவில்லும் நிர்வாகத்திலும் வேறு வேறு. அன்னை மறைந்தபின் ஆரோவில் யாருக்கு என்று பெரிய சண்டை. அதுவரை நிர்வகித்த ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருந்தவர்களுக்கும் பல வருடம் இழுத்தது. 1980இல் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அது மத நிறுவனத்தில் தலையிடுவது என்று சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1982இல் தீர்ப்பு. அரவிந்தரின் போதனை ஒரு தத்துவம், மதம் ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் 1988இல் தனிச் சட்டம், இன்றைய ஆரோவில் அறக்கட்டளை அதன்படிதான்.

எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். கோயிலா, மடமா, ஊரா என்று நான் குழம்பியதை நாட்டின் பெரிய நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

மதுரை_மல்லி எழுதியது:

அக்கா, எனக்குத் தத்துவம் எல்லாம் வேண்டாம். தனியாகப் போக ஆசை, வீட்டில் சம்மதிக்க வைக்கணும். ராத்திரி பாதுகாப்பா? சாப்பாடு எப்படி? நான் சுத்த சைவம். தமிழ் மட்டும் பேசினால் சமாளிக்க முடியுமா? அப்புறம், அந்தப் பண்ணை அக்கா கேட்டதற்கு நீங்கள் கடைசிவரை பதில் சொல்லவே இல்லையா?

கோடம்பாக்கம்_குயில் எழுதியது:

மல்லி, ஒவ்வொன்றாக.

பகலில் பயமில்லை. இருட்டிய பிறகு வேறு கதை. உள் பாதைகளில் தெருவிளக்கு அநேகமாகக் கிடையாது, காட்டுக்கு நடுவே ஒத்தையடி மாதிரி போகும், நாய்த் தொல்லை உண்டு, மழைக்காலத்தில் பாம்பு உண்டு. பெண்களிடம் வம்பு செய்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன, அங்கே இருப்பவர்களே எச்சரிப்பார்கள். நான் ஏழு மணிக்குள் குடிசைக்கு வந்துவிடுவேன். டார்ச் கட்டாயம். தங்குமிடம் பார்க்கும்போது பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுக்குள் தள்ளி இருக்கும் அழகான குடில் புகைப்படத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் சைவத்துக்குக் குறையே இல்லை. சோலார் கிச்சன் என்று ஒரு பெரிய பொதுச் சமையற்கூடம், கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு பெரிய கிண்ணம் வெயிலை வாங்கி நீராவி உண்டாக்கும். மதியம் பல நூறு பேருக்கு, பள்ளிகளுக்கும் சேர்த்து, அங்கிருந்துதான் போகிறது. விருந்தினர் என்றால் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். பல இடங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஆரோகார்டு என்று ஒன்று, அதில் பணம் ஏற்றிக்கொண்டு தேய்க்கணும். தங்கும் வாடகை போக, தினசரி விருந்தினர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகையும் உண்டு. ரொக்கம் வேண்டும் என்றால் குயிலாப்பாளையம் கடைகள் இருக்கின்றன, இட்லி தோசைக்கு நான் அங்கேதான் போனேன். காட்டுப் பக்கம் ஆர்வம் இருந்தால் சாதனா ஃபாரஸ்ட் பற்றியும் விசாரியுங்கள். 2003இல் ஓர் இஸ்ரேலியத் தம்பதி தொடங்கியது. பால், நெய் கூடக் கிடையாது, கழிப்பறை எல்லாம் மக்கவைக்கும் வகை. காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வேலை தொடங்கும். எனக்கு அந்தக் கட்டிப்பிடிப்பு ஒத்துவராது, அதனால் எட்டிப் பார்த்ததோடு சரி.

தமிழ் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் தமிழ் தெரிந்ததால்தான் எனக்கு உள்ளே ஒரு வழி கிடைத்தது. அந்த ஜெர்மன் பையன் என்னைவிடப் பல மாதம் முன்னால் வந்தவன். அக்கா வீட்டில் என்ன பிரச்சினை, எந்த ஓடையில் எந்த வருஷம் தண்ணீர் வந்தது, எதுவும் அவனுக்குத் தெரியாது. எனக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது.

அக்காவின் கேள்வி. கிளம்புகிற அன்றைக்குச் சொன்னேன்: "எனக்குப் பொழுது போச்சு அக்கா, உங்களுக்குப் பொழப்பு நடந்துச்சு." அவர், "அப்ப ரெண்டு பேருக்கும் வேல முடியல" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் ஒரு பை கட்டிக் கொடுத்தார். இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்க வந்த ஒருத்தி பிழைப்புக்காகச் செய்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அதே களையைப் பிடுங்குவதில் ஏதோ சரியில்லை என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. அதே நேரம் அந்தக் காலைகள்தான் அங்கே எனக்குப் பிடித்தவை. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது, பிரிக்க வரவில்லை.

திண்ணைப்பேச்சு எழுதியது:

தீர்ப்பு பற்றி எழுதினீர்கள், பாதியில் விட்டுவிட்டீர்களே. 2021 டிசம்பரில் நள்ளிரவில் புல்டோசர் வந்த கதை என்ன? மனித ஒற்றுமை நகரத்தில் ஒரு ரோட்டுக்காக ஆளுக்கு ஆள் மல்லுக்கட்டியது நாடு பூரா சிரிப்பாய்ச் சிரித்தது.

வேர்ப்பலா எழுதியது:

அது வெறும் ரோடு இல்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர், அன்னை இருந்தபோதே வரைந்த நகர வரைபடத்தில் மாத்ரிமந்திரைச் சுற்றி ஒரு முழு வட்டச் சாலை உண்டு, கிரவுன் ரோடு என்பார்கள். வரைந்தபோது மண் பொட்டல், ஒரே கோட்டில் வட்டம் போட்டுவிடலாம். ஐம்பது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டின் மேல் மரமும் ஓடையும் யூத் சென்டரும் இருந்தன. அன்னை ஏற்ற வரைபடம் அப்படியே வரணும் என்று ஒரு பக்கம். மரத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்ப வட்டம் வளையட்டும் என்று இன்னொரு பக்கம். பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை ரத்து செய்துவிட்டது.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று மேலே எழுதியதிலேயே தெரிந்திருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரர்களை வில்லன் ஆக்க மாட்டேன். ஊர் கட்டத்தான் வந்தோம், காடு வளர்க்க மட்டும் வரவில்லை என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மூவாயிரத்திலேயே நிற்கிறீர்கள் என்று மேலே நீங்களே கேலி செய்தீர்கள், அதே வாதம்தான்.

நெறியாளர் எழுதியது:

கிரவுன் ரோடு விவகாரத்துக்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த நீதிமன்ற விவரத்தோடு இங்கே நிறுத்திக்கொள்வோம். தனிநபர்கள், அதிகாரிகள் பெயர் சொல்லித் தாக்கிய இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. தங்கிய அனுபவம் பற்றித் தொடரலாம்.

மலைசுற்றி எழுதியது:

சரி, நெறியாளர் சொன்னபடி தங்குவதற்கே வருகிறேன். இழையைப் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. திட்டமில்லாமல் போவது திருவண்ணாமலையில் பலிக்கும். அறை இல்லாவிட்டாலும் கிரிவலப் பாதையில் ஏதாவது மடத்தில் ஒரு மூலை கிடைக்கும், மலை நம்மை நடத்திக்கொண்டு போகும். வடலூரிலும் அப்படித்தான், வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது, போனவருக்குச் சோறு உண்டு. யார், எவர், எத்தனை நாள் என்று கேட்பதில்லை. ஆரோவில் வீடு வாசலோடு ஜனங்கள் வாழும் ஊர். வாழும் ஊருக்குச் சொல்லாமல் போனால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

வானூர்க்காரன் எழுதியது:

மலைசுற்றி ஐயா சொல்வது சரி. அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னது: சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்களைவிட ஒரே இடத்தில் இருந்து ஒரே வேலையைச் செய்கிறவர்கள்தான் நினைவில் நிற்கிறார்களாம். பெயர் நினைவிருக்காது. "வெங்காயம் உரிக்கையில அழுத ஜப்பான் பொண்ணு", "பாத்திரம் கழுவிக்கிட்டே பாடின ஆளு" என்றுதான் சொல்வார்.

அதனால் மல்லி, போகும் முன்னாலேயே மின்னஞ்சல் போட்டு ஏதாவது ஒரு வேலை பேசிவைத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்களை இடம் சேர்த்துவிட அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு வாரமாவது ஒரே இடம்.

மதுரை_மல்லி எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. பிப்ரவரி 28, ஆரோவில் பிறந்தநாள் சமயத்தில் போகலாமா? விடியற்காலையில் தீ மூட்டுவார்கள் என்று படித்தேன்.

வானூர்க்காரன் எழுதியது:

அந்த விடியற்காலை நல்லாத்தான் இருக்கும். ஆம்ஃபிதியேட்டரில் இருட்டோடு போய் உட்காரணும், நடுவில் தீ, பின்னால் மாத்ரிமந்திர், ஆயிரம் பேர் இருந்தாலும் பேச்சுச் சத்தம் இருக்காது. ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, விலையும் ஏறும். முதல் தடவை, தனியாக, வேலை செய்யணும் என்றால் ஜூலை, ஆகஸ்ட் பாருங்கள். வெயில் இருக்கும், ஆள் குறைவு, பேச நேரம் இருக்கும்.

மதுரையிலிருந்து ரயில் என்றால் விழுப்புரத்தில் இறங்கிப் பாண்டி பஸ். அங்கிருந்து ஆட்டோவுக்கு முதலிலேயே விலை பேசிவிடுங்கள், "ஆரோவில்" என்று மட்டும் சொன்னால் எல்லோரையும் போலப் பார்வையாளர் மையத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தங்குமிடத்தின் பெயரையும் பக்கத்துக் கிராமத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் பிரேக்கை நீங்களே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.